கட்டிப்போடுவதற்கு முந்தைய அரை மணி நேரம்

மனநல வார்டுகளில் வேலை பார்க்கும் நர்சுகளுக்கும் உதவியாளர்களுக்கும் டாக்டர்களுக்கும் வணக்கம்.

நான் நோயாளியாக வார்டில் இருந்தவள். எந்த வார்டு என்று எழுதப்போவதில்லை, யாரையும் மாட்டிவிடுவதற்காக இதை எழுதவும் இல்லை. பெல்ட் போட்டுக் கட்டிலோடு கட்டப்பட்டிருக்கிறேன், வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த ஊசி போடப்பட்டிருக்கிறேன், அதே வார்டில் அதே ஆட்களால் ரொம்ப அன்பாகவும் கவனிக்கப்பட்டிருக்கிறேன். அதனால் உங்களைக் கொடுமைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கட்டுவது, அமுக்கிப் பிடிப்பது, தனியறையில் பூட்டுவது, வலுக்கட்டாயமாக ஊசி போடுவது, இதைப் பற்றியெல்லாம் நீங்கள் மனசுக்குள் என்ன நம்புகிறீர்கள் என்று உங்களோடு பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஒரு நோயாளி கட்டப்படுவாரா மாட்டாரா என்பதை அவருடைய நோய் மட்டும் தீர்மானிப்பதில்லை. அவர் எந்த வார்டில் இருக்கிறார், அங்கே டூட்டியில் இருப்பவர்கள் கட்டுவதை என்னவாக நினைக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது.

ஊகமாகச் சொல்லவில்லை. ஐஸ்லாந்தில் பெல்ட், பட்டை மாதிரியான கட்டும் சாதனங்களை 1930களிலேயே கைவிட்டுவிட்டார்கள். அங்கேயும் மனநோய் இருக்கிறது, அங்கேயும் ஆட்கள் கோபத்தில் கதவை உதைக்கத்தான் செய்கிறார்கள். தேவைப்பட்டால் கையால் பிடித்து நிறுத்துகிறார்கள், கட்டுவதில்லை. பிரிட்டனில் சாதாரண மனநல வார்டு ஒன்றில் கட்டிலோடு சேர்த்துக் கட்டுவதைப் பார்ப்பது அரிது, அங்கே பல பேர் சேர்ந்து ஆளைப் பிடித்து அமுக்குவது வழக்கம், அதில் வேறு ஆபத்துகள். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் கட்டுவது நடக்கிறது. நெதர்லாந்தில் ரொம்ப காலமாக, கட்டாய ஊசியைவிடத் தனியறையில் அடைப்பதே மரியாதையானது என்று நினைத்துவந்தார்கள். இத்தாலியில் ஒரே சட்டத்துக்குக் கீழே, யாரையும் கட்டுவதே இல்லை என்று முடிவெடுத்த வார்டுகளும் இருக்கின்றன, வழக்கம்போலக் கட்டிக்கொண்டிருக்கும் வார்டுகளும் இருக்கின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால் ஒவ்வொரு ஊர்க்காரரும் தாங்கள் செய்வதுதான் இருப்பதிலேயே மனிதத்தன்மையான முறை என்றும் மற்றவர்கள் செய்வது காட்டுமிராண்டித்தனம் என்றும் சொல்வார்கள். நோயாளிக்கு எது மேல் என்று அவரவர் கேட்டுப்பார்த்து வந்த முடிவு மாதிரி இது தெரியவில்லை, பழகிப்போனது எதுவோ அதுவே சரி என்று ஆகிவிட்டது.

நார்வேயைச் சேர்ந்த டோன்யே ஹூசும் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2008ல் ஒரு கேள்விப் படிவத்தை வெளியிட்டார்கள். மனநல ஊழியர்கள் கட்டாயத்தை, அதாவது நோயாளியின் விருப்பத்துக்கு எதிராகக் கட்டுவது, அடைப்பது, ஊசி போடுவது மாதிரியானவற்றை, பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதற்கான படிவம், மொத்தம் 15 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உடன்படுகிறீர்கள் என்று குறிக்க வேண்டும், அவ்வளவுதான். பதில்களிலிருந்து மூன்று விதமான பார்வைகளை அவர்கள் பிரித்தெடுத்தார்கள். ஒன்று, கட்டாயம் நோயாளியைப் புண்படுத்தும், நமக்கும் அவருக்கும் உள்ள உறவைக் கெடுக்கும் என்பது. இரண்டாவது, வார்டில் எல்லோருடைய பாதுகாப்புக்காகவும் சில நேரம் அது தேவைப்படுகிறது என்பது. மூன்றாவது, கட்டாயமே ஒரு சிகிச்சை, இன்னும் கொஞ்சம் அதிகமாகக்கூடப் பயன்படுத்தலாம் என்பது.

முதல் இரண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் நம்பலாம், அதில் முரண்பாடு எதுவும் இல்லை. "இது அவரைப் புண்படுத்தும் என்று தெரியும், ஆனாலும் இப்போது வேறு வழி தெரியவில்லை" என்று நினைக்கிற நர்சிடம் நான் மாட்டியிருக்கிறேன். பெல்ட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், கால் மரத்துப்போகிறதா என்று கேட்டார், சீக்கிரம் அவிழ்த்தும்விட்டார். மூன்றாவது நம்பிக்கைதான் எனக்குப் பயம். கட்டினால் அடங்குவான், ஒருதரம் கட்டினால் அடுத்த தரம் சொன்னபடி கேட்பான், எல்லை எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் புரியட்டும், இதெல்லாம் அவள் நல்லதுக்குத்தான் என்கிற அந்தப் பேச்சு. இப்படி நம்புகிறவர் அவிழ்ப்பதற்கு அவசரப்பட மாட்டார், எதற்கு அவசரப்பட வேண்டும், சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறதே.

அது சிகிச்சை என்றால் மற்ற சிகிச்சைகளிடம் கேட்கிற கேள்வியை அதனிடமும் கேட்க வேண்டும். வேலை செய்கிறதா என்பதற்கு ஆதாரம் என்ன? 2000ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வுக்காக ஐலா சைலாஸ், மார்க் ஃபென்டன் இருவரும் தேடிப் பார்த்தார்கள். கடுமையான மனநோய் உள்ளவர்களைக் கட்டுவதோ தனியறையில் அடைப்பதோ பயன் தருகிறது என்று காட்டும் ஒரு ஒப்பீட்டு ஆய்வுகூட (ஒரு குழுவுக்குச் செய்து, இன்னொரு குழுவுக்குச் செய்யாமல் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு) அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த முறைகள் நூறு, இருநூறு வருஷமாகப் புழக்கத்தில் இருக்கின்றன என்பதை நினைத்துப்பாருங்கள். கெடுதலுக்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. குப்புறப் போட்டு முதுகில் அழுத்தினால் மூச்சு முட்டிச் சாகலாம். மணிக்கணக்கில் அசையாமல் கட்டிவைத்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்து உயிரை எடுக்கலாம். சின்ன வயதில் வன்முறைக்கோ பாலியல் கொடுமைக்கோ ஆளானவர்களுக்கு, நான்கைந்து பேர் கைகாலைப் பிடிப்பது என்னவாக இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை, வார்டில் இருக்கும் பெண்களில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, "வேறு வழியில்லை"க்கு வருவோம். இந்த வாதத்துக்கு வயது அதிகம். 1839ல் ஜான் கொனொலி என்ற டாக்டர் இங்கிலாந்தின் ஹான்வெல் மனநல விடுதிக்குப் பொறுப்பேற்றுக் கட்டும் கருவிகளை எடுத்துவிட்டார். அது பெரிய விடுதி, நூற்றுக்கணக்கான நோயாளிகள். கருவி இல்லாமல் சமாளிக்கவே முடியாது, ஊழியர்கள் அடிபட்டுச் சாவார்கள் என்று சொன்னவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். அதற்கு முன்னாலேயே லிங்கன் நகர விடுதியில் ராபர்ட் கார்டினர் ஹில் இதைச் செய்துகாட்டியிருந்தார், அவரையும் பல பேர் நம்பவில்லை. இன்னும் அண்மையில் பார்த்தால், அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில அரசு மருத்துவமனைகள் 1990களில் உட்கார்ந்து யோசித்துக் கட்டுவதையும் அடைப்பதையும் குறைக்க ஆரம்பித்தன. ஒரு நோயாளியைத் தனியறையில் அடைத்துவைக்கும் சராசரி நேரம் 10.8 மணியிலிருந்து பத்து வருஷத்தில் 1.3 மணியாகக் குறைந்தது, அடைக்கும் தடவைகளும் மளமளவென்று குறைந்தன. புது மருந்துகள் வந்ததும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் நிர்வாகம் எண்களைத் திறந்த மேசையில் வைத்தது, ஒவ்வொரு சம்பவத்தையும் முடிந்த பிறகு பிரித்துப் பார்த்தது, நோயாளிகளின் பிரதிநிதிகளை உள்ளே விட்டது. ஊழியர்களுக்கு அடிபடுவது அதனால் கூடிவிடவில்லை. பத்து மணி நேரம் அடைத்துவைத்தே ஆக வேண்டும் என்று முன்பு உண்மையாகவே நம்பியவர்களும் அங்கே இருந்திருப்பார்கள்தானே?

என் அனுபவத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதுதான்: கட்டுவது திடீரென்று நடப்பதில்லை. அதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் இருக்கும், கேஸ் ஷீட்டில் அது இருக்காது. கேஸ் ஷீட்டில் "நோயாளி திடீரென ஆக்ரோஷமானார், ஒத்துழைக்கவில்லை, ரிஸ்ட்ரெயின்ட் செய்யப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். அந்த அரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்றால், ஒருவர் வீட்டுக்கு ஒரு போன் பண்ண வேண்டும் என்று நர்ஸ் கவுண்டருக்கு வந்திருப்பார், அப்புறம் வாங்க என்று சொல்லியிருப்பீர்கள், திரும்ப வந்திருப்பார், தலையைக்கூட நிமிராமல் அதையே சொல்லியிருப்பீர்கள், மூன்றாம் தரம் கவுண்டரைத் தட்டியிருப்பார். அல்லது நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று நம்பிக்கொண்டிருந்தவரிடம் ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும் "இன்னும் ரெண்டு வாரம் இருக்கட்டும்" என்று டாக்டர் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்திருப்பார். அல்லது பக்கத்துக் கட்டில்காரர் இரவு முழுக்கக் கத்தியதில் தூங்காமல் இருந்தவரைக் காலையில் குளிக்கச் சொல்லி இழுத்திருப்பார்கள். இதெல்லாம் நோயின் அறிகுறிகளா? வெளியே யாருக்கு இப்படி நடந்தாலும் கோபம்தான் வரும், வெளியே என்றால் அதற்குக் கட்டமாட்டார்கள்.

பிரிட்டனில் லென் போவர்ஸ் என்ற மனநல செவிலியப் பேராசிரியர் இந்த அரை மணி நேரத்தைத்தான் பிடித்தார். சேஃப்வார்ட்ஸ் என்று அவர்கள் பெயர் வைத்த முறையில் பத்துச் சின்னச் சின்ன மாற்றங்கள் உண்டு. லண்டனிலும் அதைச் சுற்றியும் இருந்த 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் சோதித்து 2015ல் வெளியிட்டார்கள். கெட்ட செய்தி வரப்போகிறது என்றால் (லீவு கிடைக்கவில்லை, வீட்டிலிருந்து இன்றைக்கு யாரும் வரமாட்டார்கள், இந்த மாதிரி) அதை முன்கூட்டியே யோசித்து, தனியாக உட்காரவைத்து, மெதுவாகச் சொல்வது அந்தப் பத்தில் ஒன்று. ஊழியர்களும் நோயாளிகளும் தங்களைப் பற்றிச் சில சாதாரண விஷயங்களை, பிடித்த பாட்டு, விளையாட்டு மாதிரி, எழுதி வைத்து ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வது ஒன்று. ஷிப்ட் மாறும்போது ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் நல்லதாக ஏதாவது ஒன்று சொல்லியாக வேண்டும் என்பது இன்னொன்று, இது எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் "ஏழாம் பெட் ஜாக்கிரதை" என்று சொல்லி ஒப்படைக்கப்பட்ட ஆளை அடுத்த ஷிப்ட் பார்க்கும் பார்வையே வேறு. டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் உள்ளே இருப்பவர்களுக்கு இரண்டு வரி எழுதித் தொங்கவிட்டுப் போவதும் உண்டு. இவ்வளவுதான். கேட்டால் சிரிப்பு வருகிற மாதிரி இருக்கிறது. சண்டை, தகராறு, தன்னைத்தானே காயப்படுத்துவது போன்றவை 15 சதவீதமும், கட்டுவது, அடைப்பது, கட்டாய ஊசி போன்றவை 26.4 சதவீதமும் குறைந்தன. அந்த வார்டுகளில் நோயாளிகளை மாற்றவில்லை, கட்டடத்தை இடித்துக் கட்டவில்லை.

பெல்ட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனால் பாதிதான் சொன்னதாகும். கண்ணுக்குத் தெரியாத கட்டாயம் அதைவிட அதிகம். "மாத்திரையைப் போட்டுக்கோ, இல்லன்னா ஊசிதான்." "இப்படியே பண்ணிட்டிருந்தா வீட்டுக்கு விட மாட்டோம்." "கையெழுத்துப் போட்டா நீயா சேர்ந்த மாதிரி இருக்கும், இல்லன்னா நாங்க கட்டாயமா சேர்க்க வேண்டி வரும்." கடைசியில் சொன்னதில் நோயாளி சொந்த விருப்பத்தில் சேர்ந்ததாகத்தான் பதிவாகும், பாருங்கள். ஜார்ஜ் ஸ்முக்லர், பால் அப்பெல்பாம் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் இதையெல்லாம் படிப்படியாக வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார்கள்: எடுத்துச் சொல்வது, உறவை வைத்து நெருக்குவது, ஒன்றைத் தருகிறேன் என்று ஆசைகாட்டுவது, மிரட்டுவது, கடைசியாகச் சட்டப்படியோ உடல்பலத்தாலோ கட்டாயப்படுத்துவது. உங்களில் நிறையப் பேர் இரண்டாம் படியிலிருந்து நான்காம் படிக்கு ஒரே வாக்கியத்தில் ஏறிவிடுகிறீர்கள், அது மிரட்டல் என்று உங்களுக்குத் தோன்றுவதுகூட இல்லை, உள்ளதைத்தானே சொன்னோம் என்பீர்கள்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 1990களில் அமெரிக்காவில் மக்ஆர்தர் அறக்கட்டளையின் ஆதரவில் நடந்த ஆய்வுகளில், தன்னைக் கட்டாயப்படுத்தினார்கள் என்று ஒருவர் உணர்வது அவருடைய சட்ட நிலையை மட்டும் வைத்து அமைவதில்லை என்று தெரிந்தது. தானாகச் சேர்ந்ததாகப் பதிவானவர்களிலும் கட்டாயத்தை உணர்ந்தவர்கள் இருந்தார்கள், சட்டப்படி கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களிலும் அப்படி உணராதவர்கள் இருந்தார்கள். தன் பேச்சைக் காதில் வாங்கினார்களா, மரியாதையாக நடத்தினார்களா, உண்மையைச் சொன்னார்களா, மிரட்டினார்களா என்பவைதான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கின. முடிவு நோயாளி விருப்பத்துக்கு எதிராகவே போனாலும்கூட. ஆக, ஆள் பற்றாக்குறையோடு, பழைய கட்டடத்தில், இருக்கிற சட்டத்துக்குள்ளேயே உங்கள் கையில் இவ்வளவு இருக்கிறது.

ஆள் பற்றாக்குறை என்றதும் உங்களுக்குச் சுருக்கென்று பட்டிருக்கும். தெரியும், இரவு ஷிப்டில் ஒரு நர்ஸ், ஒரு உதவியாளர், நிறைய கட்டில்கள், ஒருவர் நாற்காலியைத் தூக்கினால் யாரைக் கூப்பிடுவது? அடிபட்ட நர்சுகளை நானே பார்த்திருக்கிறேன். பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் இதையும் கேளுங்கள்: இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடைசெய்கிறது, தனியறையில் அடைப்பதையும் தடைசெய்கிறது, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் டாக்டரின் அனுமதியோடு கட்டலாம் என்கிறது, அதோடு நிற்காமல் ஊழியர் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக் கூடாது, தண்டனையாகக் கட்டக் கூடாது என்று தனியாகவே எழுதியிருக்கிறது. அப்படி எழுத வேண்டியிருந்தது என்றால் அந்தக் காரணத்துக்காகக் கட்டுவது எவ்வளவு சகஜம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் ஒலசேனி லூயிஸ் என்ற 23 வயது இளைஞர், தானாக முன்வந்து மனநல மருத்துவமனைக்குப் போனவர், 2010ல் போலீசார் பல பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்ததற்குப் பிறகு இறந்துபோனார். அவருடைய குடும்பம் விடாமல் போராடியதில் 2018ல் ஒரு சட்டம் வந்தது, பலப்பிரயோகத்தைப் பதிவு செய்ய வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று அது சொல்கிறது. சட்டம் வந்துவிட்டால் மட்டும் ஷிப்டில் ஆள் கூடிவிடாது, உண்மைதான். ஆனால் ஆள் இல்லாத குறையை நோயாளியின் உடம்பில் பெல்ட்டாகப் போட்டு நிரப்பிக்கொண்டே இருந்தால் நிர்வாகத்துக்குக் குறையே தெரியாது. ஒவ்வொரு தடவையும் "அப்போது டூட்டியில் இத்தனை பேர்தான் இருந்தோம்" என்று பதிவேட்டில் எழுதுங்கள். அந்தப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு நீங்கள் மேலிடத்துக்குப் போகும்போது எங்களில் சிலரும் கூட வருவோம்.

பூட்டிய கதவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதவைத் திறந்துவைத்தால் எல்லோரும் ஓடிவிடுவார்கள், தற்கொலை கூடும் என்பது உங்களில் பெரும்பாலோர் சத்தியம் செய்யத் தயாராக இருக்கும் விஷயம். ஜெர்மனியில் 21 மருத்துவமனைகளின் 15 வருஷப் பதிவுகளை, சுமார் 3.5 லட்சம் சேர்க்கைகளை, எடுத்துப் பார்த்து 2016ல் ஒரு ஆய்வு வந்தது. கதவைப் பூட்டிவைத்த மருத்துவமனைகளில் தற்கொலையோ தப்பிப் போவதோ குறைவாக இல்லை. பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வுதான், அதற்கே உரிய வரம்புகள் உண்டு, இதை வைத்து நாளைக்கே எல்லாப் பூட்டையும் உடையுங்கள் என்று சொல்லமாட்டேன். இவ்வளவு உறுதியாக நம்பிய ஒன்று ஆட்டம் காண்கிறது என்றால் மற்றவற்றையும் ஒருதரம் தட்டிப் பார்க்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

ஒருபோதும் யாரையும் பிடிக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006ல் வந்த பிறகு, மனநோய் காரணமாகக் கட்டாய சிகிச்சை தருவதையே முழுதாக நிறுத்த வேண்டும் என்று அதைக் கண்காணிக்கும் குழு சொல்லிவருகிறது, மனநல மருத்துவர்களில் பல பேர் அதை ஏற்கவில்லை, அந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. நான் கேட்டால், என் தலையை நானே சுவரில் மோதிக்கொண்டிருந்தால் யாராவது பிடித்து நிறுத்தத்தான் வேண்டும் என்பேன். ஆனால் சில நிமிஷம் கையால் பிடிப்பது வேறு, ராத்திரி பூராவும் பெல்ட்டில் போட்டுவிட்டு டிவி அறைக்குப் போவது வேறு. இரண்டையும் ஒரே நியாயத்தில் போட்டுக் கட்டாதீர்கள்.

அப்புறம், கட்டி அவிழ்த்த பிறகு யாரும் எங்களிடம் பேசுவதில்லையே, அது ஏன்? நீங்கள் சங்கடப்படுகிறீர்கள், நாங்கள் வெட்கப்படுகிறோம், இரண்டு பேரும் ஒன்றும் நடக்காத மாதிரி சாப்பாட்டுத் தட்டைக் கைமாற்றிக்கொள்கிறோம். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, மருந்து மயக்கம் தெளிந்த பிறகு, உட்கார்ந்து கேளுங்கள்: அதற்கு முன்னால் என்ன ஆச்சு, நாங்கள் என்ன செய்திருந்தால் இது நடந்திருக்காது, அடுத்த தடவை உனக்கு இப்படி ஆனால் என்ன செய்யட்டும் என்று. எங்களில் பல பேருக்குத் தெளிவான பதில் உண்டு. எனக்கு யாரும் பேசாமல் கொஞ்ச நேரம் தனியாக நடக்கவிட்டால் போதும், இன்னொருத்திக்கு அவள் அக்காவோடு போனில் பேசினால் போதும், ஒருவருக்கு ஆண் உதவியாளர்கள் பக்கத்தில் வரக் கூடாது. அதை எழுதி வாங்கிக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் வையுங்கள். பல நாடுகளில் இதற்கு முன்கூட்டிய விருப்ப ஆவணம் என்று சட்ட வடிவமே உண்டு, அந்தப் படிவத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், ஒரு வெள்ளைத்தாள் போதும். பதில் "நீங்கள் செய்தது சரிதான்" என்றுகூட வரலாம், எனக்குத் தெரிந்து அப்படிச் சொன்னவர்களும் உண்டு. அதையும் கேட்டால்தான் தெரியும்.

புதிதாகச் சேரும் நர்சுகளைப் பற்றிக் கடைசியாக ஒன்று. அவர்கள் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வருவது ஒன்று, முதல் மாதம் சீனியர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வது வேறொன்று. ஒரு புது நர்ஸ் "அவரிடம் இன்னும் கொஞ்சம் பேசிப் பார்க்கலாமா சிஸ்டர்?" என்று கேட்டு, "உனக்கு அனுபவம் பத்தாதும்மா" என்று அவர் வாயை அடைத்ததை நான் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவரைப் பேசவிட்டிருந்தால் ஒருவேளை தோற்றிருப்பார், பெல்ட் எங்கேயும் ஓடிப்போகாது.

இதை உங்கள் வார்டு மீட்டிங்கில் வாசிப்பதாக இருந்தால் டாக்டர்களும் நர்சுகளும் மட்டும் இருக்கும்போது வாசிக்காதீர்கள், உதவியாளர்களும் காவலர்களும் இருக்கட்டும். கையைக் காலைப் பிடிப்பது பெரும்பாலும் அவர்கள்தான், பயிற்சி கடைசியாகப் போய்ச் சேருவதும் அவர்களுக்குத்தான். அந்த ஹூசும் படிவத்தை எடுத்து, பேர் எழுதாமல், எல்லோரும் நிரப்பிப் பாருங்கள், பதினைந்து வாக்கியம், பத்து நிமிஷ வேலை. மூன்றாவது வகைக்கு உங்கள் வார்டில் எத்தனை பேர் தலையாட்டுகிறார்கள் என்று தெரிந்த பிறகு, வார்டில் இப்போது இருக்கும் நோயாளிகள் சிலரையும் உட்காரவைத்து அந்த எண்ணைப் பற்றிப் பேசுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வார்டுகளில் ஒன்றில் நோயாளியாக இருந்த ஒருத்தி